செலாயாங்கும் நிலத்துளையும்

கோலாலம்பூருக்கு வடக்கே, ஈப்போ செல்லும் பழஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் செலாயாங். அதற்குக் கிழக்கே பத்துமலை நிற்கிறது. அம்மலை சுண்ணாம்புக் கல்லாலாயது. ஊரின் மற்றப் புறங்களில் எழும் குன்றுகள் பெரும்பாலும் கருங்கல்லாலாயவை. சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. கருங்கல்லோ அதற்குப் பன்னெடுங்காலம் பின்னர், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், கீழிருந்து உருகிய குழம்பாய் எழுந்து ஆறி இறுகியது. ஊருக்குள் வெந்நீர் ஊற்று ஒன்றும் உண்டு. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்குச் சென்று, ஆங்குள்ள வெப்பத்தைப் பெற்று, வேறொரு பிளவின் வழியே மீள்வதே அவ்வூற்று. ஆதலின் செலாயாங்கில் தரைக்கு மேலுள்ளதைக் கண்டு தரைக்குக் கீழுள்ளதைக் கூறுதல் எளிதன்று.

இத்தகைய நிலத்தில் வீடோ பாலமோ எழுப்புமுன் சிறு துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்ப்பது இந்நாளைய வழக்கம். இரும்பு முக்காலி ஒன்று, சிறு பொறி ஒன்று, சேற்றுநீர்த் தொட்டி ஒன்று, நான்கைந்து ஆட்கள் — இவ்வளவே அங்குக் காணப்படுவன. வழிச்செல்வோர் கிணறு இறக்குகிறார்கள் என்று எண்ணிப் போவர். ஆனால் அத்துளை நீர் குடிப்பதற்கன்று. நிலம் பாரம் தாங்குமா, நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பதற்கே அஃது இடப்படுகிறது. இதே பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் இதே அளவுள்ள துளைகள் முற்றிலும் வேறான வினா ஒன்றுக்காக இடப்பட்டன. அவ்வினா, இங்கே ஈயம் உண்டா என்பது. பின்னைய வினாக்கள் பிறந்ததற்கு முன்னைய வினாவே பெருங்காரணம் என்பது இப்பகுதியின் வரலாற்றை நோக்குவார்க்குப் புலனாகும்.

நிலத்தைத் தோண்டுதலுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. அகழ்தல், தொடுதல், கல்லுதல், குடைதல் என வினைகள் பல. கூவல், கேணி, துரவு, ஊருணி எனத் தோண்டப்பட்டவற்றின் பெயர்களும் பல. ஆனால் இவையெல்லாம் ஆள் இறங்கி வேலை செய்யும் அகலமுடைய பள்ளங்களையே குறிப்பன. ஆள் இறங்க இயலாத, கையளவு அகலமுள்ள குழியை நிலத்தில் ஆழமாக இறக்கும் தொழிலுக்குப் பழஞ்சொல் தேடின், தச்சரின் கருவிப் பெயராகிய துரப்பணம் என்பதே அண்மையில் நிற்கிறது. மரத்தைத் துளைத்த கருவியின் பெயர் மண்ணைத் துளைக்கும் கருவிக்கு ஆகி வந்தது. இப்பொருத்தம் மிக அழகியது; தச்சன் துளைக்கும்போது திருகி வெளிவரும் மரச்சீவலைக் கண்டே உள்மரம் வைரமா இற்றதா என அறிவானன்றோ? நிலத்துளையின் நோக்கமும் அதுவே.

துரப்பணம் வருமுன் ஈயம் இருக்குமிடத்தை அறிந்தவர் யார்? மலாய் மக்களிடையே பாவாங் எனப்படும் மந்திர வல்லுநர் அப்பணியை மேற்கொண்டிருந்தனர். பேராக் மாநிலத்துக் கிந்தாப் பகுதியின் சுரங்கங்களைப் பற்றி ஆபிரகாம் ஹேல் என்னும் ஆங்கில அலுவலர் 1885-இல் எழுதிய கட்டுரை இவர்களைப் பற்றிய செய்திகளை விரிவாகத் தருகிறது. ஈயத்திற்கு உயிருண்டு, அஃது எருமை வடிவில் நிலத்தினடியில் இடம்விட்டு இடம் பெயரும், முறை தவறி நடந்தால் அகன்று போகும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆதலின் சுரங்கத்திற்குள் குடை பிடித்தல், காலணி அணிதல் முதலியன விலக்கப்பட்டிருந்தன. இதனை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஆற்றுப்படுகையில் ஈயமணல் ஓரிடத்தில் திரண்டும் அடுத்த இடத்தில் அற்றும் கிடப்பதைக் கண்ட கண்களுக்கு, அது நடமாடும் பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை. பாவாங் கண்ட உண்மை சரியானதே. அதற்கு அவர் சொன்ன காரணமே வேறு.

கோலாலம்பூரின் பிறப்பும் இத்தகைய கண்மூடித் தேடலில் நிகழ்ந்ததே. 1857-ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர் ஆற்றின் வழியே வந்து, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் கரையேறி, காட்டினூடே நடந்து அம்பாங்கை அடைந்தனர். ஒரு திங்கள் அளவில் காய்ச்சலுக்குத் தப்பி எஞ்சியோர் 18 பேரே என்பர். எவ்விடத்தில் எவ்வளவு ஆழத்தில் ஈயம் கிடக்கிறது என்று முன்னரே அறியும் கருவி ஏதும் அவர்களிடம் இல்லை. பள்ளம் தோண்டுவர், கிடைத்தால் இருப்பர், கிடையாவிடின் பெயர்வர். உழைப்பும் உயிரும் தோண்டியபின்னரே விடை கிடைக்கும்.

அதற்கு அடுத்த ஆண்டே, சுமத்திராவுக்குக் கிழக்கேயுள்ள பங்காத் தீவில், அக்கெரிங்கா என்னும் டச்சுச் சுரங்கப் பொறியாளர் ஒரு கைத்துரப்பணத்தை வகுத்தார். பங்காத் துரப்பணம் என்றே அது பெயர் பெற்றது. பின்னர் மலாயா முழுதும் ஈயம் தேடுவார் கையில் நெடுங்காலம் வழங்கியது. நீராவியோ நெய்யெண்ணெயோ வேண்டாத அக்கருவியின் அமைப்பு சற்று விரித்துரைக்கத் தக்கது.

நான்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 செண்டிமீட்டர், விட்டமுள்ள இரும்புக் குழாயை நிலத்தில் நிறுத்துவர். அதன் தலையில் ஒரு மேடையைப் பூட்டுவர். சிலர் மேடைமீது ஏறி நிற்பர். வேறு சிலர் தரையில் நின்று, கைப்பிடிகளைப் பற்றிக் குழாயை மேடையுடன் வட்டமாகச் சுற்றுவர். மேலே நிற்பவரின் எடையே குழாயை அழுத்தும் விசை. சுற்றச் சுற்றக் குழாய் மண்ணுள் இறங்கும். மேடைமேல் நிற்பவர் சும்மா நிற்பதில்லை. குழாயினுள்ளே கம்பிகளை ஏற்றி இறக்கி, நுனியிலுள்ள மணல்வாங்கியால் உள்ளே அடைபட்ட மண்ணை அள்ளி மேலே கொணர்வர். குழாய் முந்திச் செல்ல வேண்டும். மணல்வாங்கி பின்தொடர வேண்டும். இவ்வொழுங்கு தவறி, மணல்வாங்கி குழாயின் வாயைக் கடந்து ஆழ்ந்துவிட்டால், சுற்றிலுமுள்ள மண் உள்ளே சரிந்து, கிடைக்கும் மாதிரி பொய் சொல்லும். இன்றைய மண்ணாய்விலும் மாதிரியைப் பற்றிய முதற்கவலை இதுவே.

மேலே வந்த மண்ணை டூலாங் என்னும் மரத்தட்டில் இட்டு, நீரில் சுழற்றி அலசுவர். மணல் போக, கனமுள்ள கருநிற ஈயமணி அடியில் தங்கும். அதை உலர்த்தி எடையிட்டு, ஒரு கன கெஜம் மண்ணுக்கு இத்தனை காட்டி என்று கணக்கெழுதுவர். ஓரடி ஆழத்துக்குக் குழாயினுள் அடங்கும் மண் இரண்டரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு கன கெஜமோ ஏறத்தாழ 765 லிட்டர். எனவே தட்டில் தங்கிய மணியின் எடை 300 மடங்குக்கு மேல் பெருக்கப்பட்டே ஏட்டில் ஏறும். ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் சுரங்கத்தின் விலையே மாறிவிடும். நிலத்தை விற்பவர் ஆளைப் பிடித்துத் தட்டில் இரண்டு மணியைத் தூவச் செய்யும் வஞ்சகம் சுரங்க உலகம் எங்கும் அறியப்பட்டதே. அதனால்தான் மாதிரியை எடுப்பவனுக்குத் திறமையினும் நேர்மை முதன்மையாகக் கேட்கப்பட்டது.

குழாய் இறங்குகையில் மேல்மண், களி, மணல் எனப் பல அடுக்குகளைக் கடந்து, ஈயம் செறிந்த சரளை அடுக்கை அடையும். அதனை மலாய்ச் சுரங்கத்தார் காராங் என்றனர். அதற்கடியில் உள்ள கீழ்ப்பாறையைச் சீனத் தொழிலாளர் கோங் என வழங்கினர். கோங்கைத் தொட்டவுடன் துளை நிறுத்தப்படும். இந்நாளைய பொறியாளருக்கோ துளையின் வேலை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது என்பது நினைவில் வைக்கத்தக்க வேறுபாடு. ஈயம் தேடியவனுக்குப் பாறை எல்லை. கட்டடம் எழுப்புபவனுக்குப் பாறையே ஐயம்.

ஈயத் தொழிலில் நீர் பெரும்பகை. பள்ளம் ஆழமாக ஆக, ஊற்று நீர் நாற்புறமும் சுரந்து நிரப்பும். அதனை இறைப்பதற்கு முதலில் காலால் மிதிக்கும் ஏற்றங்களும், பின்னர் நீராவிப் பொறிகளும் வந்தன. செலாயாங்கிற்கு வடக்கேயுள்ள ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தம் சுரங்கப் பணிக்கென 1894-இல் மின்னாக்கப் பொறி நிறுவினர். இந்நாட்டின் மின்சார வரலாறு அங்கிருந்தே தொடங்குவதாகக் கொள்வர். கோலாலம்பூரில் 1873-இல் மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவரும், பத்துமலைக் குகையில் முருக வழிபாடு தோன்றக் காரணமாயிருந்தவரும் இத்தம்புசாமிப் பிள்ளையே. தமிழர் அவரைக் கோயிலோடு மட்டும் சேர்த்து நினைப்பர். அவர் வேலை செய்த நிலமும் அந்நிலத்தின் நீரும் இவ்வரலாற்றில் ஓரிடம் பெறுவன.

சுரங்கம் முடிந்தபின் விட்டுச் சென்றது யாது? சரளைப் பம்பு முறையில், நீரைப் பீறிட்டு அடித்து மண்ணைக் கரைத்து, அச்சேற்றைப் பம்பினால் மேலேற்றி, பாலோங் எனப்படும் நெடிய மரச்சாய்வில் ஓடவிடுவர். கனமான ஈயமணி குறுக்குத் தடைகளில் தங்கும். எஞ்சிய சேறு மறுமுனையில் வெளியேறும். அங்குப் பருமணல் உடனே அருகில் படியும். மெல்லிய களியோ நீரோடு தொலைவு சென்று தாழ்விடத்தில் தேங்கிப் பையப் பைய அடங்கும். அடங்கினும் அது பல்லாண்டு காலம் தயிர் போல் இளகியே கிடக்கும். மேலே புல் முளைத்து, கால்நடை மேயும். கீழே உறுதி இராது. தோண்டிய பள்ளங்கள் ஈயக் குட்டைகளாயின. 1985 அக்டோபரில் உலக ஈய விலை சரிந்தபின் எஞ்சிய சுரங்கங்களும் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. செலாயாங்கை அடுத்த ஜிஞ்சாங், பத்து வட்டாரக் குட்டைகளுட் சில வெள்ளநீரைத் தேக்கும் குளங்களாக்கப்பட்டன. வேறு பல தூர்க்கப்பட்டு வீட்டு மனைகளாயின.

இவ்விடத்தில் ஒரு குறையைச் சுட்டாமலிருக்க இயலாது. ஈயம் தேடிய காலத்து இப்பள்ளத்தாக்கில் இடப்பட்ட துளைகள் எண்ணிறந்தன. அவை ஒவ்வொன்றும் எந்த ஆழத்தில் களி, எந்த ஆழத்தில் பாறை என்னும் செய்தியை ஏட்டில் விட்டன. ஆனால் அவ்வேடுகள் கம்பெனிகளின் வணிக மறை. கம்பெனி கலைந்தபின் அவற்றைக் காப்பதால் எவர்க்கும் ஊதியமில்லை. 1903-இல் ஸ்கிரிவனர் என்பார் கூட்டு மலாய் மாநிலங்களின் நிலநூல் அறிஞராக அமர்த்தப்பட்டது முதல் அரசுத் துறை தொகுத்தவை பயன் தந்துகொண்டே வருகின்றன. தனியார் தொகுத்தவற்றின் நிலை அவ்வாறு இல்லை. ஒருமுறை அறியப்பட்ட நிலத்தை மீண்டும் துளைத்து அறிய வேண்டியதாயிற்று.

மீண்டும் துளைத்த காலத்தில் வினா மாறிவிட்டது. அதற்கேற்ற அளவுகோலும் வேறு நாட்டிலிருந்து வந்தது. 1902-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் கௌ என்பவர், துளையின் அடியில் சிறு குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கி மண்மாதிரி எடுக்கலானார். அடிக்கும்போது மண்ணின் உறுதி கைக்கே தெரிந்தது. மண்பொறியியலின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் தெர்சாகி 1947-இல் இம்முறைக்கு நிலையான அளவுச் சோதனை என்னும் பெயரைத் தந்தார். 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டி, 76 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். மாதிரிக்குழாய் 45 செண்டிமீட்டர் இறங்க வேண்டும். முதல் 15 செண்டிமீட்டரைத் தள்ளி, எஞ்சிய 30 செண்டிமீட்டருக்கு எத்தனை அடி விழுந்தது என எண்ணுவர். ஈயக் குட்டையின் பழஞ்சேற்றில் சில வேளை எண்ணுவதற்கே இடமிராது. சம்மட்டியை வைத்த அளவிலேயே குழாய் தானே இறங்கிவிடும். உறுதியான நிலத்திலோ 50 அடி அடித்தும் இறங்காது நிற்கும். செலாயாங்கில் முக்காலியின் கீழ் இன்று கேட்கும் இரும்பொலி இவ்வெண்ணிக்கையின் ஒலியே.

சுண்ணாம்புப் பாறையில் இவ்வெண்ணும் போதாது. மழைநீர் சுண்ணாம்பைக் கரைக்கும் இயல்புடையது. பத்துமலைக் குகைகளைக் குடைந்த அதே நீர், கோலாலம்பூர்த் தெருக்களின் அடியிலும் கோபுரம் போன்ற முனைகளையும் அவற்றிடையே ஆழ்ந்த பிளவுகளையும் பொந்துகளையும் செதுக்கியுள்ளது. ஆகவே ஒரு துளை 5 மீட்டரில் பாறையைத் தொடும். நாலடி தள்ளி இட்ட துளை 30 மீட்டர் சென்றும் தொடாது. தொட்டது பாறையின் உடலா, தொங்கும் விளிம்பா என்பதும் ஐயமே. அங்குத் துரப்பணம் இயக்குபவரின் கையுணர்வே பெரிதும் உதவுகிறது. கம்பி திடீரென விழுந்தால் பொந்து. உள்ளே செலுத்திய நீர் மேலே திரும்பாமல் மறைந்தால் எங்கோ வழி இருக்கிறது. இவ்விரண்டையும் நேரம் தவறாது குறித்து வைக்கும் துரப்பணக்காரர், பட்டம் பெறாவிடினும் நிலநூலறிஞரே. நகரின் இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடம் சுண்ணாம்புப் பாறையின் செங்குத்துச் சரிவொன்றின் விளிம்பில் அமைவதைத் துளைகளே காட்டிக்கொடுத்தன. அதனால் கட்டடத்தை ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமைத்தனர்; 452 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரங்கள் பாறையை நம்பாமல், நூறு மீட்டரையும் கடந்து இறங்கும் தூண்கள் மண்ணோடு உராயும் பிடியையே நம்பி நிற்கின்றன.

இனி நீரைப் பற்றியது. துளையிட்டவுடன் மண் விடை சொல்லிவிடும். நீர் அவ்வாறு சொல்வதில்லை. தமிழ்நாட்டில் இதனை நன்கு உணர்த்தியது நெய்வேலி. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் மேலே வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. சுரங்கப் பணியை 1957 மே மாதத்தில் நேரு தொடங்கி வைத்தார். நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நின்ற நீரே பெருந்தடையாயிற்று. மேலுள்ள மண்ணை அகற்றினால் அந்நீர் தரையைப் பிளந்து மேலெழும். ஆதலால் சுற்றிலும் துளைகளிட்டு நீரை இடையறாது இறைத்து, கண்காணிப்புத் துளைகளில் நீர்மட்டத்தை அளந்த பின்னரே கரியைத் தொட முடிந்தது. நீருக்காக இட்ட துளை கரியைக் காட்டியது. கரியைத் தோண்ட நீரை ஆள வேண்டியதாயிற்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர் இழைத்த தீங்கோ வேறு வகையது. 1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளுள் ஒன்று சாய்ந்து 48 பேர் உயிரிழந்தனர். பின்னாலிருந்த சரிவில் நீர் ஊறி, மண் சரிந்து, தடுப்புச்சுவர் தளர்ந்து, அடித்தளம் பெயர்ந்தது. 2024 ஆகஸ்டு 23-ஆம் நாள் மஸ்ஜித் இந்தியாச் சாலையின் நடைபாதை திடீரெனத் தாழ்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் அக்குழியுள் மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் கிடைத்திலர். சில நாளில் அதற்கு அண்மையிலேயே இன்னோரிடமும் தாழ்ந்தது. முதலது குன்றின் சரிவு. பின்னது தட்டையான கடைத்தெரு. இரண்டிலும் மேலே நடந்தவர்க்குக் கீழே நீரும் மண்ணும் செய்துகொண்டிருந்தது புலப்படவில்லை. பொந்தின் மேலுள்ள மண்வளைவை நிலத்தடி நீர் ஓரளவு தாங்கி நிற்கும். அருகில் ஆழ்ந்த பள்ளம் தோண்டி நீர் இறங்கினாலோ, கசிந்த குழாய் மண்ணை அரித்துப் பொந்தினுள் கொண்டு சென்றாலோ, வளைவு மெலியும். ஈயச் சுரங்கத்தார் பகையென்று இறைத்துத் தள்ளிய அதே நீர், நகரத்தார்க்கு நிலத்தைத் தாங்கும் துணையுமாகும் என்பதை இதனால் அறியலாம்.

ஆதலின் மண்மாதிரி எடுத்து முடிந்த துளையை மூடிவிடாமல், அதில் மெல்லிய குழாயொன்றை நிறுத்துகின்றனர். குழாயின் அடிப்பகுதியில் நுண்ணிய கீறல்கள் உண்டு. அதைச் சுற்றி மணல் இடுவர்; மணலுக்கு மேல் நீர்பட்டால் பருத்து அடைக்கும் களிமண்ணை இடுவர். மேல் நீர் உள்ளே புகாமல், குறித்த ஆழத்து நீர் மட்டுமே குழாயில் ஏறும். 1940-களில் பாஸ்டன் விமானத் தளப் பணியில் ஆர்தர் காசகிராண்டே பயன்படுத்திய முறையின் வழிவந்தது இது. நாடாவின் நுனியில் உள்ள மின்முனை நீரைத் தொட்டதும் மேலே ஒலி எழும். ஆழத்தைப் படித்துக் குறித்துக்கொள்வர். குப்பை கொட்டி நிரப்பிய நிலங்களின் ஓரத்திலும் இத்தகைய குழாய்களே காவல். நீரோட்டத்தின் மேற்புறம் ஒன்றும் கீழ்ப்புறம் ஒன்றிரண்டும் அமைத்து, இரண்டின் நீரையும் ஒப்பிட்டுக் கசிவை அறிவர். 1998-இல் எல் நினோ வறட்சியால் இப்பள்ளத்தாக்கில் குடிநீர் பங்கிட்டு அளிக்கப்பட்டபோது, கீழே கிடக்கும் நீரின் அளவும் தூய்மையும் பலரது பேச்சுக்குரியனவாயின. மழை வந்ததும் அப்பேச்சு ஓய்ந்தது.

இக்குழாய்களின் குறை கருவியில் இல்லை, படிப்பதில் உள்ளது. துளையிடும் நாளில் காலையும் மாலையும் நீர்மட்டத்தைக் குறிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் துளையிடும்போது உள்ளே செலுத்திய நீரும் அதில் கலந்திருக்கும். களிமண்ணில் உண்மையான மட்டம் தெரிய நாட்கள், சில வேளை கிழமைகள் ஆகும். மேலும் இப்பகுதியில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் மழை மிகும். ஜூன், ஜூலையில் இட்ட துளையின் ஒரு கிழமைக் கணக்கு, நவம்பரில் அந்நிலம் எவ்வாறு நனையும் என்பதைச் சொல்லாது. குறைந்தது ஓராண்டேனும் படித்தால்தான் நீரின் ஏற்ற இறக்கம் விளங்கும். கட்டடப் பணியோ அவ்வளவு காலம் பொறுப்பதில்லை. அடித்தளம் தோண்டும் பொறி வந்தவுடன் குழாய்கள் முறிந்து மண்ணோடு போகின்றன. செலாயாங்கின் குன்றுச் சரிவுகளில் நிற்கும் இரும்பு மூடியிட்ட குழாய்த் தலைகள் சில மட்டும் தப்பி நிற்கும். அவற்றின் பூட்டு துருப்பிடித்திருக்கிறதா, எண்ணெயிட்டுத் திறக்கப்பட்டு வருகிறதா என்பதைக் கொண்டே அவ்விடத்து நீரை யாரேனும் இன்றும் அளக்கிறார்களா என்று வழிச்செல்வோரும் அறிந்துகொள்ளலாம்.